மாட்டு டாக்டரா என்று சிரிக்காதீர்கள்!



சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அப்பாவுக்குத் தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை. அம்மா கொழுந்து பறிப்பவர். வீட்டில் இரண்டு ஆடுகள் இருந்தன. எல்லா ஆசிரியர்களையும் போல நானும் ஒரு நாள், "பெரியவனானதும் என்ன வேலைக்குப் போவாய்?" என்று கேட்டேன். "காட்டு மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போறேன் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், "மாட்டு டாக்டராவதற்கா உங்கப்பா இந்தக் குளிரில் மருந்தடிக்கிறார்?" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இன்று கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லாரி ஓட்டுகிறான். உழைத்துச் சாப்பிடும் நல்ல பிள்ளை. என்னைக் கண்டால் லாரியை ஓரம் கட்டி, இறங்கி வந்து வணக்கம் சொல்வான். அந்த வணக்கம்தான் என்னை உறுத்துகிறது.

சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதே பதிலைச் சொன்னாள். இம்முறை நான் சிரிக்கவில்லை. "அதுக்கு என்ன படிக்கணும் சார்? எங்கே போய்ப் பழகணும்?" என்று அவள் கேட்டபோதோ, எனக்கு விடை தெரியவில்லை. ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் தேடித் தெரிந்துகொள்வதுதானே முறை? அப்படித் தெரிந்துகொண்டதை முதலில் அவளுக்கும் அவளுடைய பெற்றோருக்கும் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

காட்டு விலங்குக்கு வைத்தியர் எதற்கு?

மாட்டுக்கு வைத்தியம் பார்த்தால் மாட்டுக்காரர் பணம் கொடுப்பார். புலிக்கும் யானைக்கும் வைத்தியம் பார்த்தால் யார் கொடுப்பார்? பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

அதற்குப் பதிலாக நமக்கு அருகில் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஈப்போவைச் சுற்றிய கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் காய்ச்சலாலும் மூளை வீக்கத்தாலும் விழுந்தார்கள். கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் எண்ணினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டாக்டர் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர், இது உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். 'நிப்பா' என்று பெயரிட்டார்கள். அந்த நோய் ஓய்வதற்குள் நம் நாட்டில் 265 பேரைத் தாக்கி, 105 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

கிருமி எங்கிருந்து வந்தது தெரியுமா? பழம் தின்னும் பெரிய வௌவால்களிடமிருந்து. பன்றிக் கொட்டகைக்கு மேலே பழமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழுந்தது. பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. வௌவாலையும் பன்றியையும் மனிதனையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அப்படிச் சேர்த்துப் பார்க்கப் பழகியவர்தான் வனவிலங்கு மருத்துவர். அவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுப்பது விலங்குகளுக்காக மட்டுமல்ல, நமக்காகவும்தான்.

நோய் காட்டிலிருந்து மட்டுமா வருகிறது? நம்மிடமிருந்து காட்டுக்கும் போகிறது. 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் திரெங்கானு மாநிலம் டுங்கூன் பகுதியில் ஒரு புலி பகல் வேளையிலேயே கம்பத்துக்குள் நடமாடியது. மனிதரைக் கண்டும் பயப்படவில்லை. வனவிலங்குத் துறையினர் அதைப் பிடித்து, பேராக் மாநிலம் சுங்கையில் உள்ள தேசிய வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாட்களில் இறந்துபோயிற்று. நாய்களுக்கு வரும் 'டிஸ்டெம்பர்' என்ற நோய்தான் அதைத் தாக்கியிருந்தது. தடுப்பூசி போட்டால் வராத நோய்! தீபகற்ப மலேசியக் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன என்று 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு காட்டியது. அந்த நிலையில் ஒரு புலி போவதும் பெரிய இழப்பு.

இன்னொன்றையும் கேளுங்கள். சிலாங்கூர் மாநிலம் சுங்கை டுசுனில் சுமத்திரா காண்டாமிருகங்களை வைத்துக் காக்க ஒரு நிலையம் இருந்தது. 2003-ஆம் ஆண்டு, அங்கிருந்த ஐந்து காண்டாமிருகங்களும் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. அருகில் வளர்ந்த எருமைகளிடமிருந்து, கடிக்கும் ஈக்கள் வழியாக இரத்தத்தில் ஒட்டுண்ணி தொற்றியிருக்கலாம் என்று ஐயப்பட்டார்கள். பிறகு 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'தாம்' என்ற ஆண் காண்டாமிருகமும், நவம்பரில் 'இமான்' என்ற பெண்ணும் சபாவில் இறந்தன. அவற்றோடு நம் நாட்டில் அந்த இனமே இல்லாமற்போயிற்று. வைத்தியர் இருந்தும் காப்பாற்ற முடியாமற்போன கதை இது. இனி நோய் வருமுன் காக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

படிக்கும் வழி

வனவிலங்கு மருத்துவர் ஆவதற்கு முதலில் கால்நடை மருத்துவராக வேண்டும். குறுக்கு வழி கிடையாது. எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகிய பாடங்களில் நல்ல தேர்ச்சி வேண்டும். அதன் பின் ஆறாம் படிவம், மெட்ரிகுலேசன், அல்லது பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கல்வி. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்து ஆண்டுகள். கிளந்தான் மலேசியா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் உபகாரச் சம்பளங்களுக்கும் மனுச் செய்யலாம்.

தமிழ்நாட்டில் படிக்க வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் தொடங்கியது. பழைமையும் பெயரும் உள்ளது. இந்தியாவில் இந்தப் படிப்பு இப்போது ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓர் ஆண்டு முழுவதும் பயிற்சிக்காலம். ஆனால் ஒன்று: எந்த வெளிநாட்டுப் பட்டமாக இருந்தாலும், மலேசியக் கால்நடை மருத்துவ மன்றம் அதை அங்கீகரிக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். 1974-ஆம் ஆண்டின் சட்டப்படி, அந்த மன்றத்தில் பதிவு செய்யாதவர் இங்கே தொழில் நடத்த முடியாது. வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

பயிற்சியில் என்ன செய்வார்கள்?

கல்லூரிப் பாடத்தில் பெரும்பகுதி மாடு, ஆடு, குதிரை, கோழி, நாய், பூனை பற்றியதுதான். காட்டு விலங்கைத் தொட்டுப் பழகும் வாய்ப்பு பயிற்சிக்காலத்தில்தான் வருகிறது. விடுமுறையிலோ இறுதியாண்டிலோ, மாணவர்கள் சில வாரங்கள் விலங்குக் காட்சிசாலையிலோ மீட்பு மையத்திலோ போய்த் தங்கி, அங்குள்ள மருத்துவரின் கீழ் வேலை பழகுகிறார்கள்.

அப்படிப்பட்ட இடங்கள் நமக்குத் தொலைவில் இல்லை. உலு கிள்ளானில் 1963-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய விலங்குக் காட்சிசாலை இருக்கிறது. தைப்பிங்கிலும் ஒன்று உண்டு. தாப்பா வழியே மலையிறங்கி பீடோரைத் தாண்டினால், மேலே சொன்ன சுங்கை மீட்பு மையம். நம் பகாங் மாநிலத்திலேயே லஞ்சாங் அருகில் கோலா கண்டா யானைகள் காப்பகம் இருக்கிறது. அது 1989-ஆம் ஆண்டில் தொடங்கியது.

பயிற்சி என்றதும் புலிக்குட்டியை மடியில் வைத்துப் பால் புகட்டும் படம் நம் கண்முன் வரும். உண்மை வேறு. காலையில் கூண்டு கழுவ வேண்டும். தீனியை நிறுத்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று மாலையில் மறுபடியும் நிறுத்து எழுத வேண்டும். சாணத்தைச் சலித்து, உருப்பெருக்கியில் புழு முட்டை தேட வேண்டும். காட்டு விலங்கு தன் நோயை மறைத்துக்கொள்ளும்; நொண்டினால் எதிரி வந்து அடித்துவிடும் என்ற அச்சம் அதற்கு. ஆகவே ஒரு வாய் தீனி குறைந்தாலும், ஒரு காலைச் சற்றே தாங்கி வைத்தாலும் கண்டுபிடிக்கும் கண் வேண்டும். அந்தக் கண் புத்தகத்தால் வராது. பல நாள் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

யானையை மயக்கும்போது என்ன நடக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தோட்டங்களுக்குள் புகும் யானைகளைப் பிடித்து, பெரிய காடுகளில் கொண்டுபோய் விடும் பணியை நம் வனவிலங்குத் துறை 1974-ஆம் ஆண்டு முதல் செய்து வருகிறது. பழக்கப்பட்ட யானைகளை முதலில் இந்தியாவின் அஸ்ஸாமிலிருந்து வரவழைத்தார்கள். காட்டு யானைக்குத் தொலைவிலிருந்து துப்பாக்கியால் மயக்க ஊசி செலுத்துவார்கள். மருந்தின் அளவைக் கணக்கிட எடை தெரிய வேண்டும். காட்டு யானையை யார் தராசில் ஏற்றுவது? கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். கூடினால் உயிர் போகும். குறைந்தால் பாதி மயக்கத்தில் ஆள்மீது பாயும்.

மயங்கிய யானை நெஞ்சின்மேல் குப்புற விழுந்தால் ஆபத்து. யானைக்கு நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு ஓடும். தன் உடம்பின் பாரமே அதை நெரித்துவிடும். உடனே பக்கவாட்டில் புரட்ட வேண்டும். தும்பிக்கை மடங்கி மூச்சு அடைபடாமல் பார்க்க வேண்டும். கண்ணைத் துணியால் மூட வேண்டும். உடம்பு சூடேறாமல் காதுமீது தண்ணீர் ஊற்ற வேண்டும். இரத்தம் எடுப்பது காதின் பின்பக்கத்து நாளத்தில். இத்தனைக்கும் நடுவில் பயிற்சி மாணவரின் வேலை என்ன? கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சையும் நாடியையும் சூட்டையும் எழுதுவது. நமக்கு நிமிடத்துக்கு 70 தடவைக்கு மேல் துடிக்கும் இதயம், நிற்கும் யானைக்கு 25 முதல் 35 தடவைதான் துடிக்கிறது. அந்தக் கணக்குப் பிசகினால் முதலில் கண்டு சொல்ல வேண்டியவர் அந்த மாணவர்தான். எழுதுகிற வேலைதானே என்று அலட்சியமாக இருக்க முடியுமா?

இறந்த பிறகும் வைத்தியம்

உயிரோடு இருக்கும் விலங்குக்குச் செய்வது மட்டும் வைத்தியமல்ல. இறந்ததை அறுத்துப் பார்த்துக் காரணம் அறிவதும் வைத்தியம்தான். தமிழ்நாட்டில் முதுமலை, டாப்சிலிப் காடுகளில் பல்லாண்டு பணியாற்றிய டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை 'யானை டாக்டர்' என்றே அழைத்தார்கள். 1929-ஆம் ஆண்டில் பிறந்து 2002-ஆம் ஆண்டில் மறைந்தவர். எழுத்தாளர் ஜெயமோகன் அவரை வைத்தே அந்தப் பெயரில் ஒரு கதை எழுதினார். உங்களில் சிலர் படித்திருக்கலாம். காட்டில் யானை இறந்தால் அப்படியே விட்டுவிடக் கூடாது, பிணப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அழுகி நாறும் உடலுக்கு அருகே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனால் தந்தத்துக்காகச் சுட்டார்களா, நோயா, முதுமையா என்பதை வேறு எப்படி அறிய முடியும்?

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சபாவின் குனோங் ராரா காட்டில் போர்னியோ யானைகள் 14 இறந்து கிடந்தன. ஒரு குட்டி, இறந்த தாயை எழுப்ப முயன்றபடி நின்ற படம் உலகெங்கும் வெளியாயிற்று. அங்கே பரிசோதனை நடத்தியவர்களில் ஒருவர், அப்போது சபா வனவிலங்குத் துறையின் மூத்த கால்நடை மருத்துவராக இருந்த டாக்டர் செந்தில்வேல் நாதன். உடல்களில் குண்டுக் காயம் இல்லை; வயிற்றிலும் குடலிலும் புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தது. நஞ்சு உட்கொண்டிருக்க வேண்டும் என்ற ஐயம் அதிலிருந்துதான் எழுந்தது. குட்டியை லோக் காவி விலங்குப் பூங்காவுக்குக் கொண்டுபோய் வளர்த்தார்கள். செந்தில்வேல் என்ற பெயரை என் மாணவியிடம் சொன்னபோது அவள் முகத்தில் கண்ட மலர்ச்சியை நான் மறக்கமாட்டேன். "நம்ம பேரு மாதிரியே இருக்கே சார்!" என்றாள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இந்தத் துறையில் பணம் பறிக்கும் வழிகளும் உண்டு. வனவிலங்குப் பயிற்சி என்ற பெயரில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, குட்டிகளைத் தூக்கி வைத்துப் படம் எடுக்க விடும் இடங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. நல்ல இடத்தில் அப்படி விடமாட்டார்கள். மனிதக் கைக்குப் பழகிய விலங்கை மீண்டும் காட்டில் விட முடியாது. நம் உடம்பிலிருந்தும் அதற்கு நோய் தொற்றும். ஆகவே பிள்ளை பயிற்சிக்குப் போகுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பதிவு பெற்ற மருத்துவர் உடனிருப்பாரா? கல்லூரியின் அனுமதிக் கடிதம் உண்டா? விபத்துக் காப்புறுதி யார் எடுப்பது? வெறிநாய்க்கடி போன்றவற்றுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா?

பயிற்சிக் காலத்தில் சம்பளம் வரும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கைக்காசு தேவைப்படலாம். மேலும், வனவிலங்கு மருத்துவருக்கான வேலைகள் நாட்டில் சிலவே. இதை மறைத்து ஆசை காட்டுவது தவறு. ஆனால் கால்நடை மருத்துவப் பட்டம் கையில் இருந்தால் பிள்ளை வெறுங்கையோடு நிற்காது. கால்நடைத் துறை, பண்ணைகள், ஆய்வுக்கூடங்கள், சொந்த மருத்துவ நிலையம் என்று பல வழிகள் உண்டு. மதிப்பெண் எட்டாத பிள்ளைகளுக்குக் கால்நடை நலத்தில் டிப்ளமா படிப்புகளும் இருக்கின்றன. யானை முகாமிலும் மீட்பு மையத்திலும் மருத்துவருக்குத் துணையாக நிற்கும் பணியாளர் இல்லாமல் எந்த வேலையும் நடக்காது.

பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று என் மாணவியின் தாயார் கேட்டார். கொழுந்துக் கூடையைச் சுமந்து இந்தச் சரிவில் ஏறி இறங்கும் பெண் கேட்கும் கேள்வியா அது? "அம்மா, உங்களால் முடிவது உங்கள் மகளால் முடியாதா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

இன்றே தொடங்கலாம்

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் ஏற்கெனவே தெரியும். ஆடு அசைபோடவில்லை என்றால் வயிறு சரியில்லை என்று பட்டணத்துப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்? நம் பிள்ளை பார்த்தே தெரிந்துகொள்கிறது. அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்: இன்று என்ன தின்றது, சாணம் எப்படி, நடை எப்படி. பயிற்சி மையத்தில் மாணவர் எழுதுவதும் இதுதான்.

வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுங்கள். அது நாய்க்கு மட்டுமல்ல, நம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கும் காவல். குரங்குக்குத் தீனி போட்டுப் பழக்காதீர்கள். பன்றிக்கென்று கம்பிக் கண்ணி வைப்பவரைத் தடுங்கள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பன்றிக்கு வைத்த கண்ணிக்குப் புலியின் கால் தெரியுமா, பன்றியின் கால் தெரியுமா? காயம்பட்ட விலங்கைக் கண்டால் கிட்டப் போகாமல் வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

என் மாணவி இப்போது முதலாம் படிவம் படிக்கிறாள். வீட்டு ஆட்டைப் பற்றி அவள் எழுதும் நோட்டுப் புத்தகம் பாதி நிறைந்துவிட்டது. வழியில் இன்னும் எத்தனையோ தேர்வுகள் இருக்கின்றன. மருத்துவராவாளா என்பதை இப்போதே யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவள் முயலாமல் போனால், அதற்கு அவள் ஆசிரியரின் சிரிப்பு காரணமாக இருக்காது.

சென்ற மாதம் லாரிக்காரப் பிள்ளையைச் சந்தித்தேன். அன்று நான் சொன்னது தவறு என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "எனக்கும் ஒரு மகன் இருக்கான் சார். நாலு வயசு. நாய்க்குட்டியை விட்டு நகர மாட்டான்" என்றான்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அது நாளை வந்து தன் ஆசையைச் சொல்லும்போது, தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.